ஊர் மாறிய நிரல்

பதினைந்து ஆண்டுகளாக ஒரு யூனிக்ஸ் கணினியில் ஒரு குறையும் சொல்லாமல் கம்பைல் ஆகி, நாள் தவறாமல் தன் வேலையைச் செய்துவந்த ஒரு சி நிரலை, அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் விண்டோஸ் கணினி ஒன்றுக்குக் கொண்டுபோய் அங்குள்ள கம்பைலரிடம் ஒப்படைத்தால், திரை நிறையப் பிழைச் செய்திகள் இறங்கத் தொடங்கும். மைக்ரோசாஃப்ட் கம்பைலர் ஒரு கோப்பில் நூறு பிழைகளுக்கு மேல் கண்டால், இனிப் பார்ப்பதில் பயனில்லை என்று சொல்லி நின்றேவிடும். இதைக் காணும் இளைஞனுக்கு முதலில் உண்டாகும் அபிப்பிராயம், நிரலை எழுதியவர் தேர்ச்சியற்றவர் என்பதாகவோ, விண்டோஸுக்குச் சி மொழியே சரிவரத் தெரியாது என்பதாகவோ இருப்பது சகஜம். இரண்டுமே உண்மையன்று. அந்த நிரல் பிறந்த ஊரில், யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்த சில விஷயங்கள் உண்டு. சொல்லவேண்டிய அவசியம் ஒருநாளும் ஏற்படாததால் அவை நிரலில் எழுதப்படவும் இல்லை. அவற்றை அறியாத ஒருவர் முன்னிலையில் நிரல் நிற்கும்போது, எழுதப்படாத அந்த அனுமானங்கள் ஒவ்வொன்றையும் பற்றி முதன்முறையாகக் கேள்வி எழுகிறது. பிழைச் செய்தி என்று நாம் அழைப்பது அந்தக் கேள்வியைத்தான். கேட்கப்படும் கேள்விகளைக் கண்டு நான் அஞ்சியதில்லை. கேட்கப்படாமலே போய்விடும் கேள்விகள்தாம் என் இரவுகளைத் தின்றிருக்கின்றன.

சி மொழி, நியூ ஜெர்சி மாநிலத்தில் மரி ஹில் என்னும் இடத்திலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில், டென்னிஸ் ரிட்சியின் கையில், 1972-ஆம் ஆண்டை ஒட்டி உருப்பெற்றது. அடுத்த ஆண்டே யூனிக்ஸின் உட்கரு அம்மொழியில் திருப்பி எழுதப்பட்டதால், மொழியும் முறைமையும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்து, எது மொழியின் இலக்கணம், எது வீட்டின் வழக்கம் என்று பிரித்துச் சொல்ல இயலாதபடி ஒன்றோடொன்று கலந்துபோயின. 1977-இல் ரிட்சியும் ஸ்டீபன் ஜான்சனும் யூனிக்ஸை, அது அதுவரை குடியிருந்த பிடிபி-11 இயந்திரத்திலிருந்து, அமைப்பில் வேறுபட்ட இன்டர்டேட்டா 8/32 என்னும் இயந்திரத்துக்குக் கொண்டுசெல்ல முற்பட்டபோதுதான் இந்தக் கலப்பின் விளைவு முழுவதும் வெளிப்பட்டது. நினைவக முகவரியைக் குறிக்கும் சுட்டும் முழு எண்ணும் ஒரே அளவில் இருந்த இயந்திரத்தில் எழுதியவர்கள் இரண்டையும் வேறுபாடின்றிப் பழகியிருந்தார்கள். அத்தகைய அசிரத்தைகளைத் தேடிச் சுட்டிக்காட்டும் பொருட்டு, ஜான்சன் செய்த லிண்ட் என்னும் கருவி அப்போது பெரிதும் கைகொடுத்தது. பிற்பாடு 1989-இல் சி மொழிக்கு அமெரிக்கத் தரம் வகுக்கப்பட்டபோது, மொழிக்கே உரியவை என்று ஏற்கப்பட்ட ஹெடர் கோப்புகள் பதினைந்தே. யூனிக்ஸ் குடும்பத்துக்குரிய மற்றச் சம்பிரதாயங்கள் அதற்கு ஓராண்டு முன்னதாக, 1988-இல், போசிக்ஸ் என்னும் வேறொரு தரத்தில் தொகுக்கப்பட்டன. 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்டி, டிஜிட்டல் நிறுவனத்தில் விஎம்எஸ் முறைமையை உருவாக்கிய டேவிட் கட்லரின் தலைமையில் வேறொரு பரம்பரையின் சிந்தனைகளோடு எழுந்தது. ஆகவே அதனிடம் அந்தப் பதினைந்தும் இருந்தன. மற்றவை இருக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை.

நிரலை இவ்வாறு ஊர் மாற்ற, அதாவது போர்ட் செய்யத் தொடங்குபவர் பெரும்பாலும் காணும் முதற்பிழையே இந்த வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. ‘யூனிஸ்டிடி.எச்’ என்னும் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று, சி1083 என்ற எண்ணோடு அது வருகிறது. யூனிக்ஸில் எழுதிய பல நிரல்களின் தலையிலும் அந்தக் கோப்பின் பெயர் பிள்ளையார் சுழிபோல இருப்பதால், அது சி மொழியின் அங்கம் என்றே பலரும் எண்ணியிருப்பார்கள். பதினைந்து ஹெடர்களில் அது இல்லை. கோப்பைப் படிக்கவும் எழுதவும் மூடவும் அதில் அறிவிக்கப்பட்டிருந்த செயற்கூறுகள் விண்டோஸில் அடியோடு இல்லாமற் போய்விடவில்லை, ‘ஐஓ.எச்’, ‘டைரக்ட்.எச்’, ‘பிராசஸ்.எச்’ என்று வெவ்வேறு வீடுகளில், பெயரின் முன்னால் ஓர் அடிக்கோட்டை அணிந்துகொண்டு அவற்றுட் பல இருக்கின்றன. சிலவற்றின் குணமும் சற்று மாறியிருக்கும். யூனிக்ஸின் ‘எம்கேடிர்’, உருவாக்கவேண்டிய அடைவின் பெயரையும் அதற்குரிய அனுமதிகளையும் கேட்கும்; விண்டோஸில் அதே பெயருடையது அடைவின் பெயரோடு திருப்தியடைந்துவிடும்.

இவ்விடத்தில் பொறுமையிழந்தவர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கோப்பு இல்லை என்றுதானே புகார், கேட்கும் வரியையே நீக்கிவிடுவோம் என்று அந்த வரியை அழித்துவிடுகிறார். புகாரும் அக்கணமே நின்றுவிடுகிறது. அவர் அழித்த வரி எங்கே போய் முளைக்கிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பிழைச் செய்தியைப் படிப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். ‘எஸ்சைஸ்_டி’ என்பது, படிக்கப்பட்ட பைட்டுகளின் எண்ணிக்கையை ஏற்பதற்கு யூனிக்ஸில் வழங்கும் ஒரு வகைப்பெயர். ‘என்’ என்னும் மாறியை அந்த வகையில் அறிவித்து ஒருவர் எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு அந்த வகைப்பெயர் தெரியாது. தெரியாத பெயர் ஒன்றையும், இடையில் எந்தக் குறியும் இன்றி இன்னொரு பெயரையும் காணும் அது, இரண்டுக்கும் நடுவே ஓர் அரைப்புள்ளி விடுபட்டிருக்கவேண்டும் என்று முடிவுசெய்து அவ்வாறே அறிவிக்கிறது. இளைஞன் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான்; அரைப்புள்ளி வரியின் இறுதியில் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. அத்தோடு விவகாரம் தீருவதில்லை: அறிவிப்பு நிராகரிக்கப்பட்டதால் ‘என்’ என்னும் மாறியும் பிறக்காமலே போய்விட, அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு வரியிலும் ‘என்’ யாரென்று தெரியாது என்ற புகார் எழுகிறது. தெரியாத சொல் ஒன்று, அதன் வழியாய் முப்பது நாற்பது செய்திகள். கம்பைலர் குறிப்பிடுவது தனக்கு வழி தவறிய இடத்தைத்தான். வழி தவறியதன் காரணம் பெரும்பாலும் அதற்கு ஓரிரு சொல் முன்னதாகவே இருக்கும். ஆகையால் முதற்பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை நிதானமாகத் தீர்த்து, மற்றவற்றைக் கண்ணெடுத்தும் பாராமல் மீண்டும் கம்பைல் செய்பவரே விரைவில் கரையேறுவார் என்பது என் அனுபவம்.

இந்த வகையில் என்னை மிகவும் அலைக்கழித்ததும், பின்னர் காரணம் விளங்கியபோது மிகவும் வியப்பில் ஆழ்த்தியதும் ஒரே பிழைதான். முப்பரிமாணப் படங்களை வரையும் ஒரு சிறு நிரலில், காட்சியின் அண்மை எல்லைக்கும் தொலைவெல்லைக்கும் ‘நியர்’, ‘ஃபார்’ என்று மாறிகளுக்குப் பெயரிட்டிருந்தார்கள். இதைவிடப் பொருத்தமான பெயர்கள் கிடைக்கா. படவரைகலை நிரல்களில் இவை சர்வ சாதாரணம். விண்டோஸில் அந்த மாறிக்கு மதிப்பு வைக்கும் வரியில், சமக்குறிக்கு அருகே தொடரியல் பிழை என்று செய்தி வந்தது. வரியில் இருந்தவை ஒரு வகைப்பெயர், ஒரு மாறி, ஒரு சமக்குறி, ஓர் எண், ஓர் அரைப்புள்ளி, இவ்வளவே. குழந்தையும் குறைகாண முடியாத வரி. கடைசியில், ‘விண்டோஸ்.எச்’ என்னும் ஹெடர் கோப்பைச் சேர்த்த பின்னரே இது நிகழ்கிறது என்று கவனித்து, முன்செயலி வேலைசெய்து முடித்தபின் நிரல் எப்படி இருக்கிறது என்பதைத் தனிக்கோப்பாக எழுதித்தரும் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். அந்த வரியில் மாறியின் பெயரே இல்லை. வகைப்பெயரை அடுத்து நேராகச் சமக்குறி நின்றது.

காரணம் 1978-க்குப் போகிறது. அவ்வாண்டு இன்டெல் வெளியிட்ட 8086 என்னும் செயலியின் பதிவகங்கள் 16 பிட் அகலமுள்ளவை. ஆனால் அது எட்டக்கூடிய நினைவகமோ 10 லட்சம் பைட்டுகளுக்குச் சற்று மேல். பதினாறு பிட்டால் 64 கிலோபைட்டுக்கு அப்பால் சுட்டமுடியாதாகையால், நினைவகத்தை 64 கிலோபைட் துண்டங்களாகப் பாவித்து, ஒரே துண்டத்துக்குள் இருப்பதைச் சுட்ட இரண்டு பைட் கொண்ட அண்மைச் சுட்டும், வேறு துண்டத்தில் இருப்பதைச் சுட்ட நான்கு பைட் கொண்ட தொலைச் சுட்டும் என இருவகை வைத்துக்கொண்டார்கள். அன்றைய கம்பைலர்களில் இவ்விரண்டையும் குறித்த சிறப்புச் சொற்களே ‘நியர்’, ‘ஃபார்’ என்பன. 32 பிட் விண்டோஸ் வந்தபின் துண்டங்களின் தொல்லை ஒழிந்தது. எல்லாச் சுட்டுகளும் ஒரே இனமாயின. என்றாலும் பழைய நிரல்களில் ஆயிரக்கணக்கான இடங்களில் அந்தச் சொற்கள் பதிந்திருந்ததால், அவை புதிய கம்பைலரிலும் தடையின்றிக் கடந்துபோகவேண்டும் என்ற கருணையினால், இரண்டு சொற்களையும் எங்கே கண்டாலும் வெறுமையாக மாற்றிவிடும்படி மேக்ரோவாக ஹெடர் கோப்பில் எழுதிவைத்தார்கள். பழைய நிரல்களைக் காப்பாற்ற இட்ட அந்தக் கட்டளை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 8086-ஐக் கண்ணாலும் காணாத ஒருவரின் மாறியை அதுதான் விழுங்கிற்று. மாறிகளின் பெயரை மாற்றினேன், பிழை போயிற்று. ஆனால் தீர்வு கிடைத்தபின்னும் அந்தத் தனிக்கோப்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இயந்திரத்தின் குறைபாடு, அந்த இயந்திரம் மறைந்த பின்னரும், ஒரு காலியான வரையறையாக உயிரோடிருப்பதை அன்றுதான் நேரில் கண்டேன்.

அதே ஹெடர் குடும்பத்தில் ‘ஸ்மால்’ என்ற சொல்லும் ‘கேரக்டர்’ என்னும் வகையாக மாற்றப்படும் இடம் ஒன்று உண்டு. ‘மின்’, ‘மேக்ஸ்’ என்பனவும் மேக்ரோக்கள். வலைத்தொடர்புக்குரிய ‘வின்சாக்2.எச்’ கோப்பை ‘விண்டோஸ்.எச்’ கோப்புக்குப் பின்னால் சேர்த்தால், ‘விண்டோஸ்.எச்’ முன்னரே பழைய வின்சாக் வரையறைகளைத் தன்னோடு அழைத்துவந்துவிடுவதால், ஒரே பொருள் இருமுறை வரையறுக்கப்பட்டதாக வரிசையாகப் பிழைகள் எழும். வரிசையை மாற்றிவைத்தால் ஒரே கணத்தில் அத்தனையும் அடங்கும்.

சில சமயம் கம்பைலர் வாய் திறப்பதற்கு முன்பே, கோப்புகளைப் பிரதி செய்யும்போதே தடை நேர்ந்துவிடும். யூனிக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு; விண்டோஸிலோ, வழக்கமான அமைப்பில், பெயர்களை ஒப்பிடும்போது அந்த வேற்றுமை பாராட்டப்படுவதில்லை. லினக்ஸ் உட்கருவின் மூல நிரலில், பெரிய எழுத்துச் சிறிய எழுத்து வேற்றுமை ஒன்றே கொண்ட இரட்டைக் கோப்புகள் நெட்ஃபில்டர் பகுதியில் சில இருக்கின்றன. விண்டோஸ் அடைவொன்றில் அவற்றை விரித்தால் ஒன்று மற்றொன்றை அழித்துக்கொண்டு நிற்கும். ‘ஆக்ஸ்’ என்பது டாஸ் காலத்தில் துணைச் சாதனம் ஒன்றின் பெயராக ஒதுக்கப்பட்டது; ஆகையால் ‘ஆக்ஸ்.சி’ என்று ஒரு கோப்பை யூனிக்ஸில் வைத்திருந்தவர், அதை விண்டோஸின் பழைய பதிப்பொன்றுக்கு வழக்கமான முறையில் கொண்டுவர முற்படும்போது, பொருள் விளங்காத மறுப்பொன்றைச் சந்திப்பார். பாதைகளைப் பிரிக்கும் கோடு சாயும் திசையைப் பற்றியோ அதிகம் வருந்தவேண்டியதில்லை. விண்டோஸின் கோப்புச் செயற்கூறுகள் யூனிக்ஸ் கோட்டையும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் கோட்டைச் சி சரத்துக்குள் ஒற்றையாக எழுதினால்தான், அடுத்து வரும் ‘என்’ புதுவரியாகவும் ‘டி’ தாவலாகவும் மாறிப் பாதை சிதையும்.

கம்பைலரைக் கடந்தபின் லிங்கர். இரண்டின் சுபாவமும் வேறு. ஒரு செயற்கூறு எங்கோ இருக்கிறது என்ற வாக்குறுதியே கம்பைலருக்குப் போதும். லிங்கர் அந்த வாக்குறுதியைக் கையில் வைத்துக்கொண்டு, பொருள் எங்கே என்று கேட்கிறது. கிடைக்காதபோது அது தரும் செய்தி எல்என்கே2019. வலைத்தொடர்புக்குரிய சாக்கெட் செயற்கூறுகளுக்காக இது வந்தால், ‘டபிள்யூஎஸ்2_32’ என்னும் லைப்ரரியின் பெயரைச் சேர்ப்பதே மருந்து. இதற்கு மாறாக, யூனிக்ஸில் கணிதச் செயற்கூறுகளுக்கென ‘எம்’ என்ற லைப்ரரியைக் கேட்டுப் பழகியவர் விண்டோஸிலும் அதைக் கேட்டால், அங்கே கணிதம் பொது லைப்ரரிக்குள்ளேயே அடங்கியிருப்பதால், இல்லாத கோப்பைக் கேட்டதே பிழையாகிவிடும்.

லிங்கர் செய்திகளில் புதியவரைத் திகைக்கவைப்பது, ‘வின்மெயின்@16’ காணப்படவில்லை என்பது. அப்படி ஒரு சொல்லை அவர் தம் நிரலில் எழுதியே இருக்கமாட்டார். சன்னல்களோடு கூடிய விண்டோஸ் நிரல் தொடங்கும் இடத்தின் பெயர் ‘வின்மெயின்’. ‘மெயின்’ என்று தொடங்கும் எளிய நிரலை, சன்னல் நிரலாக இணைக்கும்படி லிங்கருக்குச் சொல்லிவிட்டால், அது இல்லாத வாசலைத் தேடுகிறது. பின்னால் ஒட்டியிருக்கும் பதினாறும் அர்த்தமற்றதன்று. 32 பிட் விண்டோஸின் அழைப்பு மரபொன்றில், செயற்கூறு ஏற்கும் மதிப்புகள் மொத்தம் எத்தனை பைட் என்பது பெயரோடு சேர்த்தே பொறிக்கப்படும். ‘வின்மெயின்’ ஏற்பவை நான்கு, ஒவ்வொன்றும் நான்கு பைட்.

ஆனால், எந்த லைப்ரரியின் பெயரைச் சேர்த்தாலும் தீராத ஒரு விடுபாடும் உண்டு. ‘ஃபோர்க்’ என்னும் செயற்கூறு கிடைக்கவில்லை என்று லிங்கர் சொன்னால், அது உண்மையிலேயே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தன் நினைவகம் முழுவதோடும் தன்னையே பிரதி எடுத்து இரண்டாகப் பிரிவது யூனிக்ஸின் ஆதாரச் செயல்களில் ஒன்று. விண்டோஸில் புதிய செயல்முறையைத் தோற்றுவிக்கலாம், ஆனால் அது தாயின் நினைவுகள் எதுவுமின்றி வெறுமையாகத்தான் பிறக்கும். போஸ்ட்கிரஸ் என்னும் புகழ்பெற்ற தரவுத்தளம், வரும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு பிரதியாகப் பிரிந்து வேலைசெய்யும் இயல்புடையது. 1995-இல் சிக்னஸ் நிறுவனத்தில் தொடங்கிய சிக்வின் என்னும் சூழல், குழந்தையைப் பெற்று நிறுத்திவைத்துத் தாயின் நினைவகத்தை அதற்குள் பிரதி செய்து ஃபோர்க்கைப்போல நடித்துக்காட்டும்; வெகுகாலம் அதனுள் இருந்துதான் போஸ்ட்கிரஸ் விண்டோஸில் இயங்கிவந்தது. 2005 ஜனவரியில் வெளிவந்த 8.0 பதிப்பே விண்டோஸில் நேரடியாக இயங்கிய முதற்பதிப்பு. அதற்காக அவர்கள், குழந்தைக்கு எவையெவை தெரிந்திருக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து, கட்டிக் கையில் கொடுக்கும் வழியை எழுதவேண்டியிருந்தது. ஒரே சொல்லில் அடங்கிய அனுமானத்தை விரித்து எழுத எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் அறியேன்.

இதுவரை சொன்னவை யாவும் பேசிய பிழைகள். நிரல் பிழையின்றிக் கட்டப்பட்டது என்று திரை அறிவித்தபின் எஞ்சுபவையே எனக்குக் கவலை தருபவை. முன்னே ஒருவர் ஹெடர் வரியை அழித்தாரே, அவரிடம் திரும்புவோம். அந்த ஹெடரில், முகவரி ஒன்றைத் திருப்பித் தரும் ஒரு செயற்கூறு அறிவிக்கப்பட்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோசாஃப்ட் லைப்ரரியில் அது இல்லாததால், வேறொரு கோப்பில் அவரே எழுதிச் சேர்த்துவிட்டார். பெயர் பொருந்தியதால் லிங்கருக்கும் திருப்தி. ஆனால் அதை அழைக்கும் கோப்பில் இப்போது அறிவிப்பு இல்லை. பழைய சி மொழியின் விதிப்படி, அறிவிக்கப்படாத செயற்கூறு ஒரு முழு எண்ணைத் தரும் என்று கொள்ளப்படும். 1999-ஆம் ஆண்டுத் தரம் இந்த விதியை நீக்கியும், கம்பைலர் ஓர் எச்சரிக்கையோடு அதை அனுமதித்துவிடுவது வழக்கமாக இருந்தது. 64 பிட் விண்டோஸில் சுட்டு எட்டு பைட், முழு எண் நான்கு பைட். செயற்கூறு எட்டு பைட் முகவரியைத் திருப்பித் தர, அழைத்தவர் அதில் பாதியை மட்டும் கையில் வாங்கிக்கொள்கிறார். முகவரி அந்தப் பாதிக்குள் அடங்கும்வரை எதுவும் தெரியாது. நினைவகம் நிறைந்து, முகவரி அதற்குள் அடங்காமற் போன ஒருநாளில், அழித்த வரிக்குச் சிறிதும் சம்பந்தமில்லாத ஓரிடத்தில் நிரல் விழும்.

‘லாங்’ என்னும் வகையின் கதையும் இத்தகையதே. 64 பிட் உலகம் பிறந்தபோது யூனிக்ஸ் குடும்பம் லாங்கை எட்டு பைட்டாக வளர்த்துக்கொண்டது; விண்டோஸோ, 32 பிட் காலத்தில் எழுதப்பட்ட எண்ணற்ற நிரல்களும் அவற்றின் தரவு அமைப்புகளும் குலையக்கூடாது என்று, அதை நான்கு பைட்டாகவே நிறுத்திவைத்தது. இருவர் செய்ததும் நியாயமே. ஆனால் சுட்டை லாங்கில் வைத்தால் பத்திரமாக இருக்கும் என்று லினக்ஸில் நம்பி எழுதியவரின் நிரலும், கோப்பின் அளவை லாங்கில் வாங்கிக்கொள்பவரின் நிரலும் விண்டோஸில் ஊனமடைகின்றன; பின்னது 2,147,483,647 பைட் வரை சரியாகவே நடக்கும். சுட்டு வெட்டுப்படுகிறது என்று கம்பைலர் எச்சரிக்கத்தான் செய்கிறது. பிழைகள் நூற்றுக்கணக்கில் இருந்த நாளில் எச்சரிக்கைகளைப் படிக்க யாருக்கும் அவகாசமில்லை. பிழைகள் தீர்ந்த நாளில், தொல்லையாக இருக்கிறதென்று அவற்றை அடக்கும் சுவிட்ச் போடப்பட்டிருக்கும். வகைமாற்றம் எழுதி ஒரு சுட்டு எச்சரிக்கையை வாயடைக்கும் பழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

எச்சரிக்கைக்குக்கூட இடமில்லாத ஒரு மௌனம் கோப்பைத் திறக்கும் விதத்தில் இருக்கிறது. டெலிடைப் இயந்திரத்தில், அச்சுத்தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவர 13 என்ற குறியும், தாளை ஒரு வரி நகர்த்த 10 என்ற குறியும் தனித்தனியே அனுப்பப்பட்டன. யூனிக்ஸ் வரி முடிவுக்குப் பத்தை மட்டும் வைத்துக்கொண்டது. சிபி/எம் என்னும் பழைய முறைமையின் வழியாக டாஸும், டாஸ் வழியாக விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன. சிபி/எம் முறைமை கோப்பின் நீளத்தை 128 பைட் பகுதிகளாகவே அறிந்திருந்ததால், எழுத்துக் கோப்பு உண்மையில் எங்கே முடிகிறது என்று காட்ட 26 என்னும் குறியை இட்டார்கள். விண்டோஸின் சி லைப்ரரி, இன்ன முறையில் திற என்று குறிப்பாகச் சொல்லாவிட்டால் கோப்பை எழுத்துக் கோப்பாகவே பாவித்து, 13-ஐயும் 10-ஐயும் சேர்ந்து கண்டால் ஒற்றைப் பத்தாக்கி, 26-ஐக் கண்டால் கோப்பு முடிந்தது என்று நின்றுவிடும். பட்டியல்களைப் படிக்கும்போது இது உபகாரம். படத்தைப் படிக்கும்போது விபரீதம்.

பிஎன்ஜி என்னும் பட வடிவத்தை 1990-களின் இடையில் வகுத்தவர்கள் இந்த விபரீதத்தை நன்கு அறிந்திருந்தார்கள். ஒவ்வொரு பிஎன்ஜி கோப்பும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டு பைட்டுகளோடு தொடங்கும். 13, 10, 26 என்ற மூன்றும் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. விண்டோஸில் எழுத்துக் கோப்பாக அதைத் திறக்கும் நிரலின் கைக்கு 137, 80, 78, 71, 10 என்ற ஐந்து மட்டும் வந்துசேரும். அதன்பின் கோப்பு முடிந்துவிடும். கெட்டுப்போன படத்தைப் பாதிவரை வரைந்துவிட்டுக் காரணம் தெரியாமல் தவிப்பதற்குப் பதிலாக, வாசலிலேயே தவறு வெளிப்பட்டுவிடுகிறது. மௌனமாயிருக்கக்கூடிய பிழை ஒன்றுக்குக் குரல் கொடுத்தவர்கள் என்று அவர்களை நான் மதிக்கிறேன். நம் பக்கத்தில் செய்யவேண்டிய திருத்தமோ, திறக்கும் முறையில் ‘பி’ என்று ஓர் எழுத்தைச் சேர்ப்பதுதான்.

கடைசியாக, தமிழில் கோப்புகளுக்குப் பெயர் வைப்போர் அவசியம் அறிந்திருக்கவேண்டிய ஒன்று. ‘அ’ என்னும் எழுத்து யுடிஎஃப்-8 முறையில் 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகளாகும். லினக்ஸில் கோப்பின் பெயர் என்பது பைட்டுகளின் வரிசைதான். கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். விண்டோஸ் என்டி தொடக்கம் முதலே உள்ளே யூனிகோடைப் பயன்படுத்தினாலும், ‘எஃப்ஓபன்’ போன்ற பழைய செயற்கூறுகள் பெயரை அந்தக் கணினிக்குரிய கோட் பேஜ் என்னும் பழைய குறியட்டவணையின் வழியாகவே படித்துவந்தன. விண்டோஸ் 2000 தமிழை ஏற்றுக்கொண்டபோது யூனிகோடாகவே ஏற்றுக்கொண்டதால், தமிழுக்கென்று அத்தகைய அட்டவணை அமையவேயில்லை. இந்தியாவில் வழக்கமாக உள்ள மேற்கு ஐரோப்பிய அட்டவணையின்படி, 224 என்பது மேலே சாய்கோடிட்ட பிரெஞ்சு எழுத்து. 174 என்பது வட்டத்துக்குள் எழுத்துடைய வணிகப் பதிவுச் சின்னம். 133 என்பது மூன்று புள்ளிகள். ஆகவே லினக்ஸிலிருந்து வந்த நிரல் ‘அ’ என்ற பெயரில் கோப்பொன்றை உண்டாக்கும்படி சொன்னால், இம்மூன்று குறிகளையும் பெயராகக் கொண்ட ஒரு கோப்பு உண்டாகும். பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை. அதே நிரல் மறுநாள் அதே பெயரைக் கேட்டால், அதே பைட்டுகள் அதே தவறான வழியில் படிக்கப்பட்டு, கோப்பு ஒழுங்காகத் திறக்கவும் செய்யும். மாற்று வழிகள் இருக்கின்றன: பெயரைப் பதினாறு பிட் யூனிகோடாக மாற்றி அகல எழுத்துச் செயற்கூறுகளுக்குக் கொடுக்கலாம், விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதற்கொண்டு, நிரலோடு இணைக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில், என் குறியட்டவணை யுடிஎஃப்-8 என்று ஒரு வரியில் அறிவித்துவிடவும் செய்யலாம். ஆனால் அந்த வரியைச் சேர்க்கவேண்டும் என்று நிரலின் ஆசிரியருக்குத் தோன்றவேண்டுமானால், யாராவது ஒருவர் ஒருநாள் அந்த அடைவைத் தம் கண்ணால் திறந்து பார்க்கவேண்டும்.